பதினேழாம் பக்கத்தில் இருக்கும் இலை

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே உங்கள் கையில் ஒரு நீலக் கோப்பைத் தந்திருப்பார்கள். சப்பாத்தை எங்கே கழற்றுவது, கதவுக் கார்டைத் தொலைத்தால் யாரிடம் சொல்வது, எந்த அறைக்கு எந்த அங்கி என்று எல்லாம் அதில் இருக்கும். அதில் பதினேழாம் பக்கத்தைத் திறந்து பாருங்கள். கஞ்சா இலை ஒன்றின் படம். நரம்புகள் பச்சை, நடுவில் மஞ்சள், ஓரங்களில் துருப்பிடித்த மாதிரிப் புள்ளிகள். படத்துக்குக் கீழே நான்கு வரிகள். ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழில் சொல்கிறேன். ‘மூன்றாம் அறைச் செடிகள். கல்சியம், மக்னீசியம் பற்றாக்குறை. காரணம், உரக்கரைசல் கலந்தவரின் தவறு. பாடம், கலவைப் பதிவேட்டை இருவர் சரிபார்க்க வேண்டும்.’

அந்த நான்கு வரிகளையும் எழுதியவன் நான்தான். முதல் இரண்டும் உண்மை. மூன்றாவது பொய். நான்காவது, அந்தப் பொய்யின் மேல் ஏறி நின்று சொன்ன புத்திமதி.

அந்தப் பக்கத்தை எடுத்துவிடுங்கள் என்று மனேஜருக்கு மூன்று முறை ஆங்கிலத்தில் எழுதிவிட்டேன். பதில் இல்லை. புதிதாகச் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் தமிழர் என்று கேள்விப்பட்டேன். அதனால் இதைத் தமிழில் எழுதுகிறேன். ஓய்வு பெற்ற கிழவன் பொழுது போகாமல் எழுதுகிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கடைசிவரை வாசியுங்கள்.

நான் யாழ்ப்பாணத்தான். அகதியாக வந்து, ஒக்லண்டுக்குத் தெற்கே தக்காளி, குடைமிளகாய்க் கண்ணாடிக் கூடங்களில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவன். மருத்துவக் கஞ்சாவுக்கு அரசாங்கம் அனுமதி கொடுத்த பிறகு ஒக்லண்டின் விரிப் பகுதியில் இந்தக் கொம்பனி தொடங்கியது. கண்ணாடிக்கூட அனுபவத்தைப் பார்த்து என்னைத் தலைமை வளர்ப்பாளனாக எடுத்தார்கள். கோயிலில் என் பெயரே மாறிப்போனது. “கஞ்சா அண்ணை, ஒரு இலை கொண்டு வரேலாதோ?” என்று தேர்த் திருவிழாவிலும் கேட்டார்கள். என் மனைவி மட்டும் யார் கேட்டாலும் “அவர் மருந்துக் கொம்பனியில வேலை” என்று முகத்தை நேராக வைத்துக்கொண்டு சொல்லுவாள். சிரிப்பாகத்தான் இருந்தது அப்போதெல்லாம்.

பூங்கொடி எனக்குக் கீழே வேலை செய்தவள். நாற்பதை நெருங்கிய வயது, பொள்ளாச்சிப் பக்கம், விவசாயப் பட்டதாரி. உரக்கரைசல் கலப்பது அவள் பொறுப்பு. கணவர் மங்கரே விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் இருந்தார். பிளாக்ஹவுஸ் பேயில் வாடகை வீடு. ஒரே மகள். இந்த நாட்டில் அவர்கள் மூவரும் இருப்பது பூங்கொடியின் விசாவில், அந்த விசா இந்தக் கொம்பனியின் வேலையில் தொங்கிக்கொண்டிருந்தது. சில மாதங்களில் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தால் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம். தேநீர் இடைவேளையில் அவள் பேசியதெல்லாம் அது ஒன்றைப் பற்றித்தான். இது எனக்கு நன்றாகத் தெரியும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு தெரியாது என்று சொல்லித் தப்ப எனக்கு வழி இருக்கக் கூடாது.

நீங்கள் செடி வைக்கிற தொட்டிகளில் இருப்பது மண் இல்லை, தும்புத்தூள். தேங்காய் மட்டையிலிருந்து வருகிற தூள். வழக்கமாக நாங்கள் வாங்கியது கல்சியக் கரைசலில் ஊறவைத்துப் பக்குவப்படுத்தி வரும். ஒரு முறை அந்தக் கப்பல் பிந்திவிட்டது. நாற்றுகளோ சின்னத் தொட்டிகளில் வேர் சுற்றிக்கொண்டு நின்றன, அந்த வாரமே மாற்ற வேண்டும். விரியிலேயே ஒரு பண்டகசாலையில் வேறு தும்புத்தூள் கட்டிகள் கிடக்கின்றன என்று மனேஜர் ஒரு லொறி நிறையக் கொண்டுவந்து இறக்கினார். சாக்கின் மேல் தமிழ் எழுத்து.

“இதில் என்ன எழுதியிருக்கிறது?” என்று மனேஜர் என்னைக் கேட்டார்.

‘நன்னீரில் கழுவியது’ என்று எழுதியிருந்தது. வாசித்துச் சொன்னேன். அப்போது எனக்குள் ஏறிய பெருமையை மறைக்க விரும்பவில்லை. முப்பது வருடமாக இந்த நாட்டில் எந்த மருந்துப் போத்தலிலும், எந்த உர மூட்டையிலும், எந்தக் கடிதத்திலும் நான் அடுத்தவன் மொழியை வாசித்துத் தலையாட்டினவன். அன்றைக்கு முதல் தடவையாக அந்தக் கூடத்தில் எனக்கு மட்டும் வாசிக்கத் தெரிந்த ஒன்று வந்து இறங்கியிருந்தது. அதுவும் தேங்காய். நமது எழுத்து, நமது சாமான், இதில் என்ன சோதனை வேண்டிக்கிடக்கிறது என்று மனம் முடிவு கட்டிவிட்டது. கடமைக்கு ஒரு கட்டியை வெறும் தண்ணீரில் ஊறப்போட்டு உப்பளவு மீட்டரை வைத்தேன். குறைவாகத்தான் காட்டியது.

பூங்கொடி சாக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “சார், இது எங்கூருப் பக்கத்துல இருந்துதான் வந்திருக்குதுங்க. அதனாலதான் பயமா இருக்குது.”

“ஏன் பயம்?”

“எங்க சித்தப்பா மட்டை மில்லுலதானுங்க வேலை பாத்தாரு. கழுவுனதுன்னு போட்டா கழுவியிருப்பாங்க, பொய் சொல்ல மாட்டாங்க. ஆனா கல்சியத்துல ஊற வைக்கறது தனி வேலைங்க சார். அதச் செஞ்சாங்களான்னு இதுல இல்லீங்களே. ரெண்டு நாள் குடுங்க, நானே கல்சியம் நைட்ரேட்டுல ஊற வச்சு அலசித் தந்தர்றேன்.”

“பிள்ளை, தேங்காயைப் பற்றி நீர் எனக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. தமிழில வடிவா எழுதியிருக்கு. மீட்டரும் அதைத்தான் சொல்லுது.”

“மீட்டரு வெறுந் தண்ணிக்குத்தானுங்க சொல்லுது,” என்றாள். மனேஜர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பிரச்சினை இல்லைதானே என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன். அன்றைக்கே மூன்றாம் அறைச் செடிகளைப் பெரிய தொட்டிகளுக்கு மாற்றினோம்.

அவள் சொன்னது என்னவென்று உங்களுக்கு விளங்க வேண்டும், இதைத் தெரியாமல் இந்த வேலைக்கு வராதீர்கள். தும்புத்தூள் தன் உடம்பில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். வெறும் தண்ணீருக்கு அதை விடாது. அதனால்தான் மீட்டர் நல்ல பிள்ளையாகக் குறைத்துக் காட்டியது. கல்சியம் கலந்த கரைசல் வந்ததும் தும்பு அதைத் தனக்கு எடுத்துக்கொண்டு, தன்னிடம் இருந்த உப்பை வெளியே விடும். பூங்கொடி ஒவ்வொரு நாளும் சரியாகக் கலந்து கொடுத்த கல்சியத்தைச் செடிக்கு முன்னால் தும்பே வாங்கிக்கொண்டிருந்தது. ஒக்லண்டுத் தண்ணீரிலும் கல்சியம் பெரிதாக இல்லை, கைகொடுக்க.

மூன்றாம் வாரம் இலைகள் பேசத் தொடங்கின. கீழ் இலைகளில் நரம்புக்கு நடுவே மஞ்சள். மேலே புதிதாக வந்த இலைகளில் துருப்புள்ளி. நான் பார்த்த உடனேயே கல்சியமும் மக்னீசியமும் போதாது என்று சொன்னேன். அது சரிதான். ஆனால் ‘போதாது’ என்பதற்கும் ‘நாங்கள் கொடுக்கவில்லை’ என்பதற்கும் நடுவே எவ்வளவோ இருக்கிறது. கொடுத்தும் செடிக்குப் போய்ச் சேராமல் இருக்கலாம். கரைசலின் புளிப்பளவு, அதாவது பி.எச்., பிசகி வேர் எடுக்க முடியாமல் இருக்கலாம். தொட்டியே வாங்கி வைத்துக்கொள்ளலாம். இலையில் எல்லாம் ஒரே மஞ்சள்தான். தொட்டிக்கு அடியில் வடிகிற தண்ணீரைப் பிடித்து, உள்ளே போனது என்ன, வெளியே வருவது என்ன என்று பார்த்திருந்தால் அரை மணி நேரத்தில் வெளிச்சமாகியிருக்கும். நான் பார்க்கவில்லை. பார்த்தால் என் தும்பைப் பற்றி ஏதாவது சொல்லிவிடுமோ என்று எனக்குள் எங்கேயோ தெரிந்திருக்க வேண்டும்.

உரத்தைக் கூட்டச் சொன்னேன். கூட்டினால் பொட்டாசியமும் சேர்ந்துதான் கூடும். இலை நுனிகள் கருகின. பதறிப்போய், உப்பு ஏறிவிட்டது, வெறும் தண்ணீரால் கழுவு என்றேன். பூங்கொடி வாளியோடு நின்றபடி, “சார், வெறுந் தண்ணி வேண்டாமுங்க, கல்சியம் போட்ட கரைசலாலயே அலசலாமுங்க” என்றாள். “சொன்னதைச் செய்யும்” என்றேன். என் குரல் மற்ற அறைக்குக் கேட்டிருக்கும். வெறும் தண்ணீர் போனதும் வேருக்கு எட்டும் இடத்தில் இருந்த கொஞ்சநஞ்சக் கல்சியமும் போயிற்று. இரண்டே நாளில் குருத்துகள் முறுக்கிக்கொண்டு நின்றன. மூன்றாம் அறை முடிந்தது.

அந்தச் செடிகளை அப்படியே குப்பையில் போட முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். ஒவ்வொன்றையும் வெட்டி, நிறுத்து, பதிந்து, சாட்சி வைத்துத்தான் அழிக்க வேண்டும். வலி தாங்க முடியாத யாரோ சில நோயாளிகளுக்கு எண்ணெயாகப் போயிருக்க வேண்டிய செடிகள். நான் வெட்டினேன், பூங்கொடி நிறுத்தாள். அதற்கே ஒரு நாள் முழுக்கப் போயிற்று.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. மதியத்துக்குள் காரணம் எழுதித் தர வேண்டும் என்று மனேஜர் சொன்னார். முதலாளிமார் காத்திருக்கிறார்கள். எனக்கோ அந்த மாதக் கடைசியில் ஓய்வு. பிரியாவிடைக்குக் கேக் சொல்லியாயிற்று என்று யாரோ காதில் போட்டிருந்தார்கள். கலவைப் பதிவேட்டைப் புரட்டினேன். ஒரு திங்கட்கிழமைப் பதிவில் கல்சியம் நைட்ரேட்டுக்கு நேரே பன்னிரண்டு கிலோ என்று எழுதி, ஒற்றைக் கோடு போட்டு வெட்டி, பதினான்கு என்று திருத்தியிருந்தாள். பக்கத்தில் அவளுடைய முதலெழுத்தும் தேதியும். பிழையாக எழுதினால் அப்படித்தான் திருத்த வேண்டும். கீழே இருப்பது மறையாத மாதிரி ஒரு கோடு, ஒரு கையெழுத்து, ஒரு தேதி. அந்த முறையை அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். அன்றைக்குக் கரைசல் நிறைத்த தாங்கியின் உப்பளவும் சரியாகவே பதிவாகியிருந்தது. அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டு, அதை எழுதாமல் விட்டு, வெட்டியிருந்ததை மட்டும் எடுத்து அறிக்கையில் எழுதினேன்; பதினேழாம் பக்கத்து வரிகள் அதிலிருந்து வந்தவைதான். கலந்தவரின் தவறு.

அறிக்கை போன அரை மணி நேரத்தில் மனேஜர் தொலைபேசியில் கூப்பிட்டார். “பூங்கொடி தும்புத்தூள்தான் காரணம் என்கிறாள். இருக்க முடியுமா?”

“தும்புத்தூளில் ஒன்றும் இல்லை. சாக்கை நானே வாசித்தேன்,” என்றேன்.

ஒரு மனிதன் தன் வாழ்நாளில் எத்தனையோ வசனம் பேசுகிறான். நான் திரும்ப வாங்க நினைப்பது இந்த ஒன்றைத்தான்.

அதற்குப் பிறகும் மனம் ஆறவில்லை. மிச்சமிருந்த கட்டி ஒன்றை எடுத்து, அவள் சொன்ன மாதிரியே கல்சியம் நைட்ரேட் கரைசலில் ஒரு வாளியில் ஊறப்போட்டேன். வியாழக்கிழமை மத்தியானம் அந்தத் தண்ணீரை எடுத்து ஆய்வகத்தில் சோதித்தேன். உள்ளே விட்ட கல்சியத்தில் பெரும்பங்கைக் காணோம். சோடியம் நிறைந்து கிடந்தது. ஒரு தடவைக்கு மூன்று தடவை பார்த்தேன். சாக்கு பொய் சொல்லவில்லை, பூங்கொடி பொய் சொல்லவில்லை, அந்தக் கூடத்தில் பொய் சொன்னவன் நான் ஒருவன்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் அவளைக் கூப்பிட்டு, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று சொன்னார்கள். அவள் வேலைச் சப்பாத்தை ஒரு பையில் போட்டுக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்து போவதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். வியாழன் மத்தியானத்திலிருந்து எனக்கு உண்மை தெரியும். வாளி என் காலடியில் இருந்தது. கதவைத் திறந்து இரண்டு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால் பயம், வேறொன்றும் இல்லை. எத்தனையோ வருடம் கட்டிய பெயர் கேக் வெட்டுவதற்கு முன்னால் போய்விடுமே என்ற கேவலமான பயம்.

திங்கட்கிழமை போய்ச் சொன்னேன். மனேஜர் கெட்ட மனிதர் இல்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “அறிக்கை மேலே போய்விட்டது. இப்போது மாற்றினால் நமக்கு நம் வேலையே தெரியாது என்று ஆகும். அவளுடைய இடத்துக்கு ஆளும் பார்த்துவிட்டார்கள். விட்டுவிடுங்கள்,” என்றார். மூன்று நாள் முன்னால் வந்திருந்தால் என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. கேக் வெட்டினார்கள். நான் தின்றேன்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை பிளாக்ஹவுஸ் பேக்குப் போனேன். மகள்தான் கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி, “அம்மா, இட்ஸ் ஃபார் யூ” என்றாள். கூடம் முழுக்கப் பெட்டிகள். கணவர் ஒரு பெட்டியைத் தராசில் தூக்கி நிறுத்துக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து பார்த்து, “உக்காருங்க சார், டீ போடறேன்” என்று குசினிக்குள் போய்விட்டார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். எனக்கு அது உதவியாக இருந்திருக்கும்.

நான் வாளியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். பூங்கொடி பாதியில் நிறுத்தினாள்.

“தெரியுங்க சார்.” எழுந்து போய் ஒரு சாப்பாட்டு டப்பாவைக் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே ஊறிய தும்புத்தூள். “செடிய மாத்துன அன்னைக்கே ஒரு கைப்பிடி எடுத்து ஊற வச்சிட்டேனுங்க. வெளிய லேப்லயும் குடுத்தேன், ரிசல்ட்டு செடியெல்லாம் போனதுக்கப்புறந்தானுங்க வந்துச்சு. செவ்வாக்கிழமை அதைக் காட்டத்தான் மனேஜர்கிட்டப் போனேன். பேப்பரக்கூட அவரு வாங்கல. உங்களக் கேட்டாராமா. நார்த்தூள் நல்லாருக்குன்னு நீங்க சொன்னீங்களாமா.”

“சொன்னனான், பிள்ளை.”

“நீங்க என்னைக் கேட்டிருக்கலாமுங்க சார். தமிழ்லயே கேட்டிருக்கலாம்.”

சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினேன். அவளுக்கு வேறு எங்காவது வேலைக்கு உதவட்டும் என்று, நடந்ததை ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொண்டுபோயிருந்தேன். அவள் முழுவதையும் வாசித்தாள். ஒரு இடத்தில் விரலை வைத்தாள்.

“‘தும்புத்தூள் காரணமாக இருக்கலாம்’னு எழுதியிருக்கீங்க. இருக்கலாமுங்களா?”

மன்னிப்புக் கேட்கப் போன இடத்திலும் என் கை எனக்கு ஒரு வாசல் வைத்துக்கொண்டது, பாருங்கள். பேனாவை அவளே எடுத்துத் தந்தாள். ‘இருக்கலாம்’ என்பதற்கு எழுதியிருந்த ஆங்கிலச் சொல்லின் மேல் கோடு போட்டு, தும்புத்தூள்தான் காரணம் என்று திருத்தினேன்.

“இன்ஷியல் போடுங்க சார். தேதியும்.”

போட்டேன். அவள் என்னைப் பழிவாங்கவில்லை. பதிவேடு எழுதும் முறை அது, அவ்வளவுதான். அவளுக்கு வேலை முறை தெரியும்.

அந்தக் கடிதத்தால் ஒன்றும் ஆகவில்லை. விசாவுக்கு வேண்டியது வேலை, கடிதம் இல்லை. விசாவில் மிச்சமிருந்த நாட்களுக்குள் வேறு இடம் கிடைக்கவில்லை. மூவரும் ஊருக்குத் திரும்பிப் போய்விட்டார்கள். நான் அனுப்பிய செய்திகளுக்குப் பூங்கொடி பதில் போட்டதில்லை. கணவர் மட்டும் ஒருமுறை இரண்டு வரி எழுதினார். மகளுக்குத் தமிழ் எழுத வராததால் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளோடு உட்காரவைத்திருக்கிறார்களாம், அழுகிறாளாம், சரியாகிவிடும் என்று எழுதியிருந்தார். சரியாகிவிடும் என்று நானும் எழுதினேன். என்ன ஆறுதல் சொல்ல எனக்கு அருகதை இருக்கிறது?

இதிலிருந்து உங்களுக்கு ஏதாவது நல்லது சொல்லி முடிக்க வேண்டும் என்று பார்க்கிறேன், வரவில்லை. இலையைப் பார்ப்பதற்கு முன் வடிநீரைப் பாருங்கள். வெறும் தண்ணீர் மீட்டரை நம்பித் தும்புத்தூளை ஏற்காதீர்கள். உங்களுக்குக் கீழே வேலை செய்பவர் இரண்டு நாள் கேட்டால் கொடுங்கள். இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இருக்கும், எனக்கும் தெரிந்துதான் இருந்தது. தெரிந்தவன்தான் இதைச் செய்தேன். அதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு வேலை மட்டும் கேட்கிறேன். பதினேழாம் பக்கத்தை எடுங்கள். கிழித்துப் போடாதீர்கள், அடித்து மறைக்காதீர்கள். ‘உரக்கரைசல் கலந்தவரின் தவறு’ என்ற வரியின் மேல், கீழே இருப்பது தெரிகிற மாதிரி ஒற்றைக் கோடு போடுங்கள். மேலே ‘தும்புத்தூளை ஏற்றவரின் தவறு’ என்று எழுதுங்கள். தேதி போடுங்கள். பக்கத்தில் என் முதலெழுத்தைப் போடுங்கள். யாராவது கேட்டால், இந்தக் கடிதத்தைக் காட்டி, அவர் போடச் சொன்னார் என்று சொல்லுங்கள்.